நூற்றுப் பதினேழாம் பாட்டில்

1

நசரத்பேட்டையில் ஓர் ஆய்வகத்தின் வாசலில் வரிசையாக அடித்திருந்த ஆணிகளைப் பார்த்தபோது இந்தக் கதை என்னைப் பிடித்தது. உள்ளே வளர்வது பூச்செடி. ஆனால் வேலைக்குப் போகும் பெண்கள் தலைப்பூவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட வேண்டும், பூஞ்சை வருமாம். ஓர் ஆணி காலியாக இருந்தது. அதற்குரியவளுக்கு லோகநாயகி என்று பெயர் வைத்தேன்.

2

'பூக்களின் நறுமணத்தினிடையே லோகநாயகி...' அடித்துவிட்டேன். அங்கே ஸ்பிரிட் நெடிதான்.

மறுபடி: இரண்டு அந்தூரியம் இனங்களைக் கலந்தால் உண்டாகும் கருவைத் தாய்ப்பூ தங்கவிடாது. உதிரும் முன்பே அதைக் கத்திமுனையில் தோண்டி, பாட்டிலில் சத்துக்கூழ் ஊற்றி வளர்ப்பது அவள் வேலை. நானூறு பாட்டில் வைத்தாள். நூற்றுப் பதினேழாம் பாட்டிலில் இருந்தது மட்டும் பிழைத்தது.

(வைத்த அன்று அவளுக்குக் கல்யாண நாள். லோடு தூக்கி இடுப்பொடிந்து கிடக்கும் கணவன் படுத்தபடியே சூட்டிய மல்லிகை. ஆணியில் மாட்ட மனம் வரவில்லை, தொப்பிக்குள் ஒளித்தாள். தெரிந்தால் வேலை போகும். அந்த வீட்டில் வேறு சம்பளம் இல்லை.)

3

இன்று காலை அது பாட்டிலுக்குள்ளேயே பூத்தது.

"யக்கா, மல்லி வாசன அடிக்குதே!" பக்கத்து மேஜை ஃபஸீலா சிரித்தாள். "மாமா குடுத்தத உள்ள வச்சிகினு கீறியா?"

"சும்மா கெட. தலைய வேணா மோந்து பாரு."

மோந்தாள். சிரிப்பு நின்றது. "தலைல இல்லக்கா. பாட்டில்லேந்து வருது."

மூடி பிரிக்காத பாட்டில். பெற்ற இரண்டு இனத்துக்கும் வாசம் கிடையாது.

மேற்பார்வையாளர் இளங்கோ கதவருகே நின்று சொன்னார்: "லோகா, ஓனர் வந்துகினு கீறாரு. அந்தப் பாட்டில அவரே தொறப்பாராம்."

திறந்தால் மல்லிகை வாசம் அவருக்கும் தெரியும், கரு வைத்த நாளில் யார் தலையில் பூ இருந்தது என்று கேட்பார்கள்.

4

அந்தச் செடி அவளைப் பா— (செடி பார்க்காது. தெரியும். விளக்கு மேலே இருந்தும் பூ அவள் பக்கம் திரும்பியிருக்கிறது. நான் திருத்தி எழுதினாலும் திரும்பிக்கொள்கிறது.)

5

கெட்டுப்போன பாட்டில்களை நீராவியில் அவித்துக் கொல்லும் கலத்தைப் பெண்கள் குக்கர் என்பார்கள். 'பூஞ்சை புடிச்சிடுச்சிண்ணா, குக்கர்ல போட்டுட்டேன்' என்று அவள் இளங்கோவிடம் சொல்வதாக முடிவை எழுதிவைத்திருந்தேன். அதன்படி பாட்டிலை உள்ளே இறக்கினாள்.

பாட்டிலின் உள்பக்கம் ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

குக்கர் சுவிட்சை இன்னும் போடவேயில்லை.

அடுத்த வாக்கியத்துக்கு என் கை வரவில்லை. கார் சத்தம் கேட்கிறது. லோகநாயகி சுவிட்சில் விரலை வைத்தபடி என்னைத் தாண்டி உங்களிடம் கேட்கிறாள்:

"போடட்டுமா, வாணாமா?"