மழை வேண்டாம் என்றொரு ஜெபம்

யேசுரத்தினம் ஜெபிக்க எழுந்தால் சபையில் கைக்குழந்தைகள்கூட அழுகையை நிறுத்திவிடும். அப்படியொரு குரல். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவதுபோலக் கடவுளைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்துவிடுவார். அந்தக் குரல்தான் இந்தச் சித்திரையில் அவரைக் குழியில் தள்ளியது.

ஞாயிற்றுக்கிழமை அசனம், ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் சபை விருந்து. போன வருஷம் மழையில் பந்தல் சரிந்து, சோறு கஞ்சியாகிப் போனது. அதனால் மழை வராதிருக்கச் சனிக்கிழமை விசேஷ ஜெபம் என்றும், அதை யேசுரத்தினம் ஏறெடுப்பார் என்றும் போதகர் அறிவித்துவிட்டார்.

யேசுரத்தினத்தின் ஏத்தவாழைகளோ குலைதள்ளும் பருவத்தில் வாடி நின்றன. கிணற்று மோட்டார் காற்றைத்தான் இறைத்தது. இரண்டு வாரத்துக்குள் மழை பெய்தால் பிழைக்கும். இல்லையென்றால் ஒரு வருஷப் பாடு போச்சு.

“முடியாதுண்ணு சொல்லுங்களேன்” என்றாள் மனைவி செல்லபாய்.

“எனக்க வாழைக்காக ஊருக்க சோத்துல மண்ணள்ளிப் போட்டேன்னு பேசமாட்டாவளா?”

மானத்துக்குப் பயந்த மனிதர். ஆனாலும் ஒரு சமாதானம் வைத்திருந்தார். கடவுள் உதட்டையல்ல, உள்ளத்தையே கேட்கிறார் என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தவர் அல்லவா? வாய் சபைக்கு, உள்ளம் வாழைக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டார்.

பக்கத்துத் தோட்டக்காரர் கோலப்பன் வரப்பிலேயே மடக்கினார். “ஓய், உம்ம ஆளுகிட்ட மழைய நிறுத்தச் சொல்லப் போறீராமே? மழை வேணும்னு நான் மண்டைக்காட்டு அம்மைக்கி நேந்துட்டு வந்திருக்கேன். ரெண்டுபேரும் வழியில பாத்தா என்ன பேசிக்கிடுவாவ?”

சனிக்கிழமை யேசுரத்தினம் எழுந்தார். “ஆண்டவரே, ஒரு துளியும் விழாமல் காத்தருளும்” என்றபோது, தலை தொங்கிய வாழைகள் கண்ணுக்குள் வந்துவிட்டன. தேம்பித் தேம்பி அழுதார். அசனத்துக்காக இப்படி உருகும் மனிதரைச் சபை அதுவரை கண்டதில்லை. பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாள் முதல் பந்தி நடக்கும்போதே மேற்கே கறுத்தது. கறி ஊற்றியவர்கள் கரண்டியோடு நின்றார்கள். யேசுரத்தினத்துக்கு நெஞ்சு துள்ளியது. வா, வா என்று உள்ளுக்குள் கெஞ்சினார். மேகம் தலைக்குமேல் வந்து ஒருமுறை உறுமிவிட்டு, அப்படியே திற்பரப்புப் பக்கம் போனது. அங்கே அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்களின் மேல் கொட்டோ கொட்டென்று கொட்டியதாம்.

பந்தலே எழுந்து அவர் கையைப் பிடித்தது. “உம்ம கண்ணீரக் கர்த்தர் பாத்துட்டாரு!” அடுத்த இலையில் உட்கார்ந்திருந்த கோலப்பன், “எனக்க நேர்ச்சையையும் சேத்துத் தோக்கடிச்சிட்டீரே ஓய்” என்று முனகிக்கொண்டே இன்னும் கொஞ்சம் கறி கேட்டார்.

போதகர் மைக்கை எடுத்தார். “அடுத்த சனிக்கிழமை மழைக்கான ஜெபம். அதையும் நம் யேசுரத்தினமே ஏறெடுப்பார்.” பந்தல் அதிர ஆமென் விழுந்தது.

அவர் முகம் வெளுத்தது. செல்லபாய் பக்கத்தில் குனிந்தாள். “இந்தத் தடவ வாயும் மனசும் ஒண்ணுதானே? பின்னே என்ன பயம்?”

“அதாக்கும் பயம்” என்றார் யேசுரத்தினம், பாதிச் சோற்றோடு இலையை மடக்கியபடி. “இப்பம் மழை வரலை. நான் வாயால வேண்டாம்னு கேட்டேன், அதான் வரலைன்னு இருந்துக்கலாம். வாயையும் மனசையும் சேத்து வச்சிக் கேட்டும் வரலைன்னா, பின்னே நான் ஆருகிட்டட்டீ போய் அழ?”