வெய் நாட்டு வேடியப்பன்

1953ஆம் வருஷம் ஆனி மாதம், சூளகிரிக்குத் தெற்கே வெங்கடம்மாளின் கேழ்வரகுக் காட்டு நடுவில் சீன தேசத்து வெய் நாட்டுப் படைவீரன் ஒருவன் வந்து நின்றான். அவன் செத்து இரண்டாயிரத்து நூற்றெழுபத்தேழு வருஷம் ஆகியிருந்தது. தோல் கவசம், கையில் வெண்கல ஈட்டி, முழங்கால்வரை ஈரச் சேறு. அந்த வருஷம் மழை பிந்தியிருந்ததால் ஊர் முதலில் சேற்றைத்தான் கவனித்தது.

சண்டையில் செத்த வீரனுக்குக் கல் நட்டு, வேடியப்பன் என்று எண்ணெய் ஊற்றிக் கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். கல்லுக்குப் பதில் வீரனே வந்ததில் யாருக்கும் சங்கடமில்லை. முதல் செவ்வாய்க்கிழமையே அவன் தலையில் ஒரு படி நல்லெண்ணெய் ஊற்றிச் சேவல் அறுத்தார்கள். அவன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. வேடியப்பன் நிற்கும் காட்டில் ஏர் ஓட்டக்கூடாது என்பதும் வழக்கம்தான். புருஷன் செத்து ஒன்றரை வருஷமான வெங்கடம்மாளுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் அந்த ஒன்றேகால் ஏக்கர்தான் சோறு.

கொழுந்தன் சென்னப்பன் மஞ்சள் துண்டு கட்டித் தானே பூசாரியானான். "சாமியே ஒங்க நெலத்தத் தேடி வந்துக்குது அண்ணி. என் நெலத்துல நின்னுதா பாரு!"

"கூப்புட்டுப் பாரேன். சேவல் நான் தரேன்," என்றாள். ஊர் சிரித்தது. ஏர் ஓட்டக்கூடாதென்ற தீர்ப்பு மாறவில்லை.

அவள் வீரனிடமே பேசத் தொடங்கினாள். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து புழங்குகிற இடத்தில் நான்காவது பாஷை ஒரு பாரமில்லை. ஆடி முடிவதற்குள் அவன் பேச்சு புரிந்துவிட்டது. சண்டை முடியும்வரை நிற்கச் சொல்லி ராஜா உத்தரவு, முடிந்ததென்று யாரும் வந்து சொல்லவில்லை என்றான். யார் ஜெயித்தது என்று மட்டும் கேட்டான்.

வெங்கடம்மாள் பஸ் ஏறிக் கிருஷ்ணகிரிக்குப் போய், பள்ளிக்கூட வாத்தியார் பாக்கியராஜிடம் விசாரித்தாள். அவர் தடிப் புத்தகமொன்றைப் புரட்டினார். "சின் நாட்டுக்காரன் ஆத்தத் திருப்பிவுட்டுக் கோட்டையவே கரச்சிட்டாம்மா. வெய் ராசா சரணடஞ்சிட்டான். ஒண்ணும் மிச்சமில்ல."

அதைச் சொல்லத்தான் திரும்பி வந்தாள். அவன் புருவத்தில் எண்ணெய்க்கு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. புருஷன் செத்த சேதியை வண்டிக்காரன் ஒருவன் வெற்றிலை மென்றுகொண்டே அவளுக்குச் சொல்லியிருந்தான். அதேபோல் தோற்ற சேதியைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"ஒங்க ராசாதான் ஜெயிச்சாரு. எல்லாம் முடிஞ்சிபோச்சி. வூடு போயி சேருப்பா."

செத்த பிறகு முதல்முறையாக அவன் சிரித்தான். "அப்ப இது எங்க ராசா மண்ணு. தோத்திருந்தா போயிருப்பேன். ஜெயிச்ச மண்ண வுட்டுட்டு எப்படிப் போறது?" என்று ஈட்டியை இன்னும் ஒரு முழம் ஆழமாக ஊன்றினான்.

"ஐயோ, பொய் சொல்லிட்டேம்பா! தோத்துட்டாங்க!"

எதிரிகள் அனுப்பும் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை.

தை பிறப்பதற்குள் அவன் படையில் மிச்சம் நாற்பது பேரும் வந்து வரப்புக்கு வரப்பு வரிசையாக நின்றார்கள். சென்னப்பன் சுற்றிலும் கல்சுவர் எடுத்தான். 1956இல் வேலூர், பெங்களூர் பஸ்கள் செவ்வாய்க்கிழமைகளில் அங்கே நிற்கத் தொடங்கின. வெங்கடம்மாளும் பெண்பிள்ளைகளும் சென்னப்பன் காட்டில் களையெடுக்கப் போனார்கள். வீரர்களுக்கு எண்ணெய் ஊற்றும் வேலையையும் அவளுக்கே கொடுத்தார்கள். ஒவ்வொருவனின் காதுக்குப் பின்னாலிருக்கும் சேற்றையும் முந்தானையால் துடைத்துவிடுவாள். முதலில் வந்தவனுக்கு மட்டும் அரைக் கரண்டி குறைத்தே ஊற்றுவாள். அவனும் ஏனென்று கேட்டதில்லை.