முழங்கைக்கு மேலே

அன்று காலையும் அவள் குளித்துவிட்டு ஈரக் கையோடு வந்து நின்றாள். அவர் களிம்பை விரலில் வழித்து, முழங்கைக்கு மேலே, அவள் கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில் தடவினார்.

"நேத்து பீர்க்கங்கா நாரைப் போட்டுத் தேச்சியா? செவந்து கெடக்கு."

"லேசாத்தாங்க."

"உன் லேசு எனக்குத் தெரியாதா, உப்புத்தாளு!"

அவர் கதவு, மேசைகளுக்கு உப்புத்தாள் தேய்த்துப் பாலிஷ் போடுபவர். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மேல்கை முழுக்கப் பொரிப்பொரியாகச் சொரசொரப்பு. கல்யாணமான புதிதில், சனியன் இன்றோடு ஒழியட்டும் என்று, அவர் பையிலிருந்த ஆக மெல்லிய உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துவிட்டாள். தோல் வழன்று, துணி பட்டாலே உயிர் போனது. பெயர் அப்போது ஒட்டிக்கொண்டதுதான்.

மருந்துக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. தேய்க்கவே கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து, ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் யூரியா கலந்த களிம்பு போட வேண்டும், அடியோடு போகாது, கொஞ்சம் மெத்தென்று ஆகும் என்றார். இவளை நம்பி விட்டால் மறுபடி தேய்ப்பாள் என்று கணவரே அந்த வேலையை எடுத்துக்கொண்டார். "பாலிஷ் ஆச்சு. காயிற வரைக்கும் தொடாதே" என்பார்.

அன்று பட்டறையில் ஒரு கதவின் முன்னால் குந்தியிருந்தவர் அப்படியே சாய்ந்தார், பிறகு எழவேயில்லை. ஆள் வந்து சொன்னபோது அவள் கையில் களிம்பின் பிசுபிசுப்புகூடப் போகவில்லை.

பிறகு அவள் அந்த டப்பாவைத் திறக்கவில்லை. தானே போட்டுக்கொள்ள முடியாததல்ல. ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது களிம்பு இல்லையே. தோல் வறண்டு, அரித்து, சொறிந்த இடமெல்லாம் பொருக்குத் தட்டியது.

துணிக்கடையில் வேலை பார்க்கும் நாத்தனார் ஒருநாள் வந்தவள், கையைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"இதென்ன அண்ணி, கையா துருவுபலகையா?"

"விடு. யாருக்குக் காட்டப்போறேன்?"

"எனக்குக் காட்டுங்க. போய்க் குளிச்சிட்டு வாங்க. இல்லைன்னா நானே வந்து குளிப்பாட்டுவேன், மானம் போயிடும்."

குளித்து வந்து, முதுகைக் காட்டி நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நாத்தனாரின் கை பஞ்சு மாதிரி இருந்தது. கண்ணை மூடியும் பிரயோசனமில்லை.

"புறங்கையால தடவிப் பாரேன்."

"எதுக்கு அண்ணி?"

"உங்கண்ணனுக்கு உள்ளங்கையெல்லாம் காய்ப்பு. மரமோ நானோ, வழவழன்னு ஆச்சான்னு புறங்கையாலதான் பாப்பாரு."

நாத்தனார் கையைத் திருப்பினாள். பிறகு விரல்களை மடக்கி, மேலிருந்து கீழாக மெல்ல ஓட்டினாள். தோல் வேறுதான். ஆனால் உள்ளே இருந்த அந்தக் கணுவெலும்புகள் அவருடையவை.

"எப்படி இருக்கு, சொல்லு."

"பொய் சொல்லட்டுமா?"

"வேணாம்."

"சொரசொரன்னுதான் இருக்கு, அண்ணி."