அறுபத்து நாலில் நின்ற கம்ப்யூட்டர்

மினி பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த ஜுமாலி, மடியில் கம்ப்யூட்டர் பெட்டியை அணைத்துப் பிடித்திருந்தார். குலுங்கிவிடக் கூடாதென்று, செத்துப்போன மனைவி சோனுனின் கம்பளிச் சால்வையை அதன்மேல் சுற்றியிருந்தார்.

“பெரியவரே, புள்ளைக்கு மூச்சு முட்டப் போகுது. மூஞ்சியக் கொஞ்சம் தொறந்து விடுங்க” என்றான் டிரைவர், கண்ணாடியில் பார்த்து.

“மூச்சு நேத்தே நின்னு போச்சுப்பா. வைத்தியம் பாக்கத்தான் சாயெக் டவுனுக்குக் கொண்டு போறேன்.”

வண்டியே சிரித்தது. வண்டி என்றால் மூன்று பேர். நிலக்கரிச் சுரங்கம் மூடிய பிறகு அந்தக் கிர்கிஸ் மலையூரில் மிச்சம் இருந்ததே கொஞ்சம் பேர்தான். ஜுமாலியின் கட்டடத்தில் எட்டு வீடு. பனி விழ ஆரம்பித்ததும் ஏழு வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு பட்டணத்துக்குப் போய்விடுவார்கள். குளிர்காலம் முழுக்க ஒரே ஒரு அடுப்புக் குழாயில் புகை வரும், அது அவருடையது. சனி, ஞாயிறில் மினி பஸ்ஸும் கிடையாது. அந்த இரண்டு நாளும் அவர் குரல் அவருக்கே கேட்காது.

நாளைக்குச் சனிக்கிழமை. நாளை மதியம் பன்னிரண்டு மணிக்கு, ரஷ்யாவில் தையல் வேலைக்குப் போயிருக்கும் மகள் மேரிம் கூப்பிடுவாள். பேரன் எலமானுக்கு நடை வந்துவிட்டது. அவர்கள் வழக்கப்படி, அவன் கால்கள் இரண்டையும் கயிற்றால் சேர்த்துக் கட்டி, பிள்ளைகளை ஓடவிட்டு, முந்தி வருகிற பிள்ளையின் கையில் கத்தியைக் கொடுத்து அந்தக் கயிற்றை அறுக்கப் போகிறார்கள். அறுத்தால்தான் பிள்ளையின் வழி திறக்கும். ஜுமாலியின் கைபேசி பொத்தான் வைத்த பழைய சாமான், அதில் குரல் வரும், முகம் வராது. முகம் பார்க்க இந்தக் கம்ப்யூட்டர்தான்.

கயிற்றை முறுக்கியது அவர்தான். சோனுன் விட்டுப்போன கறுப்பு நூலையும் வெள்ளை நூலையும் தொடையில் வைத்து உருட்டி முறுக்கினார். கறுப்பு ஒரு விரல் நீளம் பத்தவில்லை. தன்னுடைய காலுறையைப் பிரித்து, பழுப்பு நூல் கொஞ்சம் எடுத்து முடிச்சுப் போட்டார். நுனிகளைச் சமமாக வெட்டி, வெட்டிய துண்டைத் தானே வைத்துக்கொண்டார். ரஷ்யாவுக்குப் போன ஒருவனிடம் கொடுத்தனுப்பி இரண்டு வாரம் ஆகிறது.

“வந்துச்சுப்பா” என்று மட்டும்தான் மேரிம் சொன்னாள். அதோடு, “இங்க அத்தையும் கடையில ஒண்ணு வாங்கி வச்சிருக்காங்க, பளபளன்னு” என்றாள். எதைக் கட்டப் போகிறாள் என்று இவர் கேட்கவில்லை. கேட்டால், அப்பா மனசுக்காகப் பொய் சொல்லிவிடுவாளோ என்று பயம். கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் குல்சாத்தின் கடை சந்தைக்குப் பின்னால் இருந்தது. முப்பது வயசிருக்கும் அவளுக்கு. பெட்டியைத் தன் திரையில் மாட்டிப் பொத்தானை அமுக்கினாள். கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின, அணைந்தன, மறுபடி முதலிலிருந்து சுற்றின. செக்கில் கட்டின மாடுகூட இப்படிச் சுற்றாது.

“அப்டேட் ஓடும்போது கரண்ட் போச்சா, பெரியப்பா?”

“ஆமாம்மா. நேத்து சாயங்காலம் போச்சு.”

“உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே லைன்தான். இங்க போகலையே.”

“மலை மேல எங்களுக்குத் தனியாப் போகும்மா.”

அவள் பெட்டியைத் திறந்தாள். கரண்ட் அடித்துவிட்டுப் போயிருந்தால் உள்ளே ஏதாவது கருகியிருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, மாட்டிப் பார்த்தாள். ஒரு மணி நேரம் போனது. எதுவும் கருகவில்லை.

சும்மா உட்கார்ந்திருக்க ஜுமாலிக்குக் கூச்சமாக இருந்தது. பையிலிருந்து துணி மூட்டையை எடுத்து மேஜையில் விரித்தார். எண்ணெயில் பொரித்த பொர்சோக் ரொட்டிகள். நீட்டிய ரொட்டியைத் தட்டக் கூடாது. குல்சாத் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

“நல்லாருக்கு. நேத்துப் பொரிச்சதா?”

“ம்.”

“நேத்து வியாழக்கிழமை.” மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. வியாழக்கிழமை பொரிக்கிற எண்ணெய் வாசத்துக்குச் செத்தவர்கள் வீடு தேடி வருவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. “யாருக்காகப் பெரியப்பா?”

“சம்சாரத்துக்கு. ரெண்டு வருஷமாச்சு.”

அவள் இரண்டு உள்ளங்கையையும் விரித்து, உதட்டுக்குள் ஓதி, முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “எண்ணெய் வாசம் எழுப்பறதுக்கு முந்தி டிவி, ரேடியோ எல்லாம் அணைச்சீங்கதானே?”

“அணைச்சேன்.”

“இதையும்?”

ஜுமாலி தன் பூட்ஸைப் பார்த்தார். “அறுபத்து நாலு சதவீதத்துல நின்னுட்டிருந்துச்சும்மா. அணைக்காதேன்னுதான் எழுதியிருந்துச்சு. நானும் பாத்தேன், பாத்தேன், நகரவே இல்ல. எண்ணெய் காஞ்சு புகையுது. வெளிச்சம் சிமிட்டிக்கிட்டு இருக்கற வீட்டுக்குள்ள அவ எப்படி வருவா? வயரப் புடுங்கிட்டேன்.”

குல்சாத் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. “எங்கம்மா போன வருஷம் ஃப்ரிட்ஜையே புடுங்கிட்டாங்க பெரியப்பா. உள்ள விளக்கு எரியுதாம். மறுபடி மாட்ட மறந்து, அரை ஆட்டுக் கறி நாறிப் போச்சு. செத்தவங்க எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடியிருப்பாங்க.”

அவரும் சிரித்துவிட்டார்.

“சரி, இத மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு மணி நேரம் மிச்சமாயிருக்கும். சாமான் நல்லாத்தான் இருக்கு. பாதி வழியில நின்ன அப்டேட்டைப் பின்னால தள்ளி விடணும், அவ்வளவுதான்.”

சொல்வதற்குத்தான் அவ்வளவுதான். ஒரு பென் டிரைவைச் செருகி அதன் வழியாக உள்ளே நுழைந்தாள். அப்டேட்டைக் கழற்று என்றால், முடியாது என்றது. வேறு வழியாகப் போனாள், அங்கேயும் முடியாது. “எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடறது சுலபம்” என்றவள் அவர் முகத்தைப் பார்த்து, “மகளோட பேசுறதுக்கு வச்சிருக்கற பாஸ்வேர்டு தெரியுமா?” என்று கேட்டாள். தெரியாது. மேரிம் போகும்போது போட்டு வைத்தது. “அப்ப அழிக்க வேணாம்” என்று கறுப்புத் திரையில் வரி வரியாக என்னவோ தட்டினாள். அந்தக் கடையின் சூடும், பக்கத்தில் ஒரு ஆள் மூச்சுவிடும் சத்தமும் ஜுமாலிக்கு இதமாக இருந்தன. சீக்கிரம் சரியாக வேண்டும் என்றும் இருந்தது, சரியானால் எழுந்து போக வேண்டுமே என்றும் இருந்தது.

மூன்று மணிக்கு வெளியே ஊர் திரும்பும் மினி பஸ் ஹாரன் அடித்தது. அதே சமயம் புள்ளிகள் சுற்றுவதை நிறுத்தின. திரையில் எலமானின் கைக்குழந்தைப் படம் வந்தது, பல்லில்லாத சிரிப்போடு.

“எழுந்துட்டான்!” என்றாள் குல்சாத். “திரும்ப அப்டேட் கேக்கும். ‘பிறகு’ங்கறத அமுக்குங்க. கேமரா, மைக்கு எல்லாம் வீட்டுலயா இருக்கு? மாட்டிப் பாக்காம அனுப்ப மனசு வரல.”

ஹாரன் மறுபடி அடித்தது. அந்த ஒரு மணி நேரம் இருந்திருந்தால் பார்த்திருக்கலாம். அது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கே ஜுமாலி நல்ல கோட்டுப் போட்டு, வெள்ளைத் தொப்பி வைத்துத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு தாண்டிப் பத்து நிமிஷத்தில் அழைப்பு வந்தது. மேரிமின் முகம், பின்னால் கூட்டம், தட்டுத் தட்டாகப் பலகாரம்.

“அப்பா! தெரியறேனா?”

“தெரியறம்மா, நல்லாத் தெரியற.”

“அப்பா, பேசுங்க. வாய் மட்டும்தான் ஆடுது. ஒண்ணும் கேக்கல!”

அவர் கத்தினார். மைக்கைப் பிடுங்கிச் செருகிக் கத்தினார். பின்னாலிருந்து அவள் மாமியார் எட்டிப் பார்த்து, “என்னடி, சம்பந்தி ஒத்தையில இருந்து பேச்சையே மறந்துட்டாரா?” என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

“நேரமாச்சுப்பா, பாத்துக்கிட்டே இருங்க.” மேரிம் போனை உயரத் தூக்கிப் பிடித்தாள். தலைகள் தெரிந்தன. நடுவில் எலமானின் தலையும் தோளும் தெரிந்தன. கால் தெரியவில்லை.

“கீழ பிடிம்மா!” என்று வெறும் வீட்டில் கத்தினார். அங்கே பிள்ளைகள் ஓடத் தயாராக நின்றார்கள். கையைக் கீழே கீழே காட்டினார். அவள் புரியாமல் கையாட்டினாள். ஜுமாலி எழுந்து ஓடி, அலமாரியிலிருந்து கயிற்றிலிருந்து வெட்டி வைத்திருந்த துண்டை எடுத்து வந்து, கேமராவுக்கு முன்னால் இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்தார்.

மேரிமின் கையாட்டல் நின்றது. அவள் வாய் கோணியது. போனைத் தாழ்த்தினாள்.

சின்னக் குண்டுக் கால்கள். கறுப்பும் வெள்ளையுமாகக் கயிறு. இடது கணுக்காலுக்குப் பக்கத்தில் பழுப்பு முடிச்சு.

பிள்ளைகள் ஓடி வந்தார்கள். கத்தி மின்னியது. இரண்டு கால்களும் தத்தித் தத்தித் திரையை விட்டு வெளியே போயின. கூச்சல் எழுந்தது. யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். மேரிம் போனை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டுப் பிள்ளைக்குப் பின்னால் போனாள்.

திரையில் இப்போது கம்பளமும், அதில் அறுந்து கிடந்த கயிறும் மட்டும்தான். ஜுமாலி அதைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். மினி பஸ் டிரைவர் சொன்ன வேடிக்கையைச் சொன்னார். ஃப்ரிட்ஜில் நாறிப்போன ஆட்டைச் சொன்னார். இந்த வருஷம் பனி ஜாஸ்தி என்றார். எவ்வளவு நேரமோ.

மேரிம் திரும்பி வந்தாள். குனிந்து கயிற்றை எடுத்து, விரலில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அப்புறம்தான் போனைப் பார்த்தாள்.

“அப்பா! இன்னும் இருக்கீங்களா?”

தலையாட்டினார்.

“விருந்தாளிங்கப்பா. வச்சிரட்டுமா?”

அதற்கும் தலையாட்டினார்.