தூக்கத்தில் விட்ட அம்பு

குறட்டை விட்டுக்கொண்டே மஞ்சள் வட்டத்தில் அம்பு அடித்த ஒரே மனிதன் இந்த உலகத்தில் நான்தான். சாட்சி என் மச்சினன். நான் மணி சொன்னால்கூட இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்கிறவன் அவன்.

அவனைக் குறை சொல்ல முடியாது. தும்மினாலே கூரை பறந்தது என்று சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. அதனால் இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கும் மனைவியை ராத்திரியெல்லாம் மாற்றி மாற்றித் திருப்பிப் படுக்க வைக்கிறேன், நான் தூங்கி ஒரு யுகமாயிற்று என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை. மகளுக்குக் கைக்குழந்தை. மச்சினனிடம்தான் கேட்டேன்.

"ஒரு ராத்திரி நீ வந்து பாத்துக்கயேன் மச்சான்."

"அளக்காதீங்க அத்தான். ராத்திரி நல்லா தூங்குறேன்னு அக்காவே சொல்லுது."

நான் திருப்பிப் போடுவதால்தான் அவள் தூங்குகிறாள். அதை எப்படி நிரூபிப்பது?

வாரத்தில் ஒரு காலை மகள் வந்து அம்மாவோடு உட்காருவாள். நானும் மச்சினனும் வில் பயிற்சிக்குப் போவோம். அன்று என் கப்பி வில்லில் அம்புத் தாங்கியை மாற்றியிருந்தேன். பழையது, மச்சினன் வில்லில் இருப்பதைப் போலவே, நாணை விட்டதும் சட்டென்று கீழே மடங்கிக்கொள்ளும் கவட்டை. அம்பின் இறகு எதிலும் உரசாது, குறி துல்லியம். ஆனால் அசந்துபோன கை ஆடினால் அம்பு கவட்டையிலிருந்து உருண்டு தரையில் 'டக்'. புதியது முள்மயிர் வளையம். நடுத்துளையில் அம்பைச் செருகிவிட்டால் வில்லைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாது.

"என்ன அத்தான், பாட்டில் கழுவுற பிரஷ்ஷா?"

"ஆமா. உன்னுது மாதிரி காலை வாராது."

"றெக்கை உரசும். அம்பு கோணிக்கிட்டுப் போகும்."

"போகட்டும்டா. கீழ விழாம இருந்தா போதும்."

நாணை இழுத்தேன். முழுக்க இழுத்துவிட்டால் கப்பி பாதிப் பாரத்தை வாங்கிக்கொள்ளும். அந்த லேசான தருணம் இருக்கிறதே, எனக்கு அது தலையணையாகத் தெரிந்தது. பலகை நடுவிலிருந்த மஞ்சள் வட்டம் கலங்கியது. கன்னம் நாணில் சாய்ந்தது. வில்லும் என்னோடு சேர்ந்து ஒருபக்கம் சரிந்ததாம். நாணைக் கவ்விப் பிடிக்கும் கைக்கொக்கியின் விசையில் இருந்த கட்டைவிரல் எப்போது அழுத்தியதோ, தெரியாது. பலகையில் அம்பு குத்திய சத்தத்தில்தான் விழித்தேன். நட்டநடுவில் என்று சொல்ல ஆசைதான். மஞ்சளின் ஓரம்.

எங்களோடு பயிற்சிக்கு வரும் தச்சர் ஒருவர் பக்கத்தில் நின்று கை தட்டினார். "அசத்திட்டீங்க சார்!"

"தூங்கிக்கிட்டே அடிச்சேன்" என்றேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு மச்சினனைப் பார்த்தார். "உங்க அத்தான் ஆரம்பிச்சுட்டாருய்யா!"

மச்சினன் சிரிக்கவில்லை. கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வில்லை வாங்கிக்கொண்டான். பிறகு என் முழங்கையைப் பிடித்து நாற்காலி வரை நடத்திப் போனான்.

"இல்லங்க," என்றான் தச்சரிடம், என் முகத்தைப் பார்க்காமல். "நிஜமாவே தூங்கிட்டார். பக்கத்துலதானே நின்னேன்... குறட்டை கேட்டுச்சு."