செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில்

என் கணவர் பர்னபாஸ் வரைந்த சோதனைப் போர் விமானத்தைக் கட்ட வேண்டாம் என்று 1956-இல் முடிவானது. "இது பறக்காது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவருடைய மேலதிகாரி வரதாச்சார். என் கணவர் வேலையை உதறிவிட்டு மைசூருக்கு வந்தார். எங்கள் சாப்பாட்டு மேசையைப் பிடுங்கிக்கொண்டு, அதே வரைபடத்தை வைத்து, ரேடியோவால் இயங்கும் மாதிரி விமானம் ஒன்றைச் செய்தார். அது முடியும்வரை நானும் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

தசராவுக்கு முந்தின வாரம் மைதானத்தில் அதைப் பறக்கவிட்டார். ஓய்வுபெற்று மைசூரிலேயே இருந்த வரதாச்சாரையும் அழைத்திருந்தார். விமானம் வானத்தில் வட்டமடித்து அலுங்காமல் இறங்கியது. இவர் ஒரு வார்த்தைக்காக அந்த மனிதரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சென்னாகிதே, பர்னபாஸ்! ரொம்ப நன்னா இருக்கு. நம்மாத்துக் கொலுவுக்குக் குடுங்கோ. செட்டியார் பொம்மை பக்கத்துல வெச்சா எடுப்பா இருக்கும்."

"சரிங்க சார்" என்றார் என் புருஷன். அவரே தூக்கிக்கொண்டுபோய்க் காரிலும் வைத்தார். வெட்கங்கெட்ட மனுஷன்.

நவராத்திரிக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கையில் சுண்டலோடு கொலுவின் முன்னால் நின்றோம். வந்திருந்த ஓர் அம்மாள், "இது நிஜமாவே பறக்குமா?" என்று கேட்டாள்.

"பொம்மைம்மா" என்றார் வரதாச்சார். "பறக்காது."