டத்தோ நகர்த்திய சிப்பாய்

லாபிஸ் மண்டபத்தில் சதுரங்கப் போட்டியைத் தொடக்கிவைக்க வேண்டிய பிரமுகர் டத்தோ திருச்செல்வம், கடைசிச் சுற்று பாதி கடந்தபோது வந்து சேர்ந்தார். தங்காக்கில் துணிக்கடை ஒன்றைத் திறந்துவைத்துவிட்டு வருகிறார். அங்கே போட்ட மாலை இன்னும் கழுத்தில் இருந்தது.

முதல் மேசையில் ரூபினி கறுப்புக் காய்களோடு ஜெயித்துக்கொண்டிருந்தாள். பிரெஞ்சு தற்காப்பு. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி, எதிராளி முட்டிக் களைக்கும்வரை காத்திருக்கும் ஆட்டம். எதிரே ஆடிய ஜாஸிம் மூன்றாவது நகர்விலேயே தன் சிப்பாயை அவசரமாக முன்னே தள்ளி, அதைக் காப்பாற்றப் போய், இப்போது யானையை இழக்கும் நிலையில் இருந்தான். ஜெயித்தால் ஜொகூர் மாநிலக் குழுவில் மிச்சமிருக்கும் ஒரே இடம் ரூபினிக்கு. சமன் போதாது.

“கடிகாரத்த நிறுத்துங்க!” சங்கத் தலைவர் சின்னத்தம்பி ஓடிவந்தார். “காயெல்லாம் மொதல்லேருந்து அடுக்குங்க. டத்தோ மொத நகர்வு நகர்த்தணும், போட்டோ எடுக்கணும்.”

“அங்கிள், ஆட்டம் நடந்துகிட்டிருக்கு,” என்றாள் ரூபினி.

“ரெண்டு நிமிஷம் லா. நகர்வெல்லாம் எழுதித்தானே வெச்சிருக்கீங்க? அப்புறம் பழையபடி அடுக்கிக்கலாம்.”

டத்தோ வெள்ளை ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். கைதட்டல். படம் சரியாக விழவில்லை என்றதும் மறுபடி நகர்த்தினார். மறுபடி கைதட்டல். பிறகு நாற்காலி போடச் சொல்லி மேசையருகே உட்கார்ந்துவிட்டார்.

“ம், ஆடுங்க. நான் தொடக்கிவெச்ச ஆட்டத்த முழுசா பாத்துட்டுத்தான் போவேன்.”

பழைய நிலைக்கு அடுக்க ரூபினி கை நீட்டினாள். சின்னத்தம்பி அவள் காதருகே குனிந்தார். “அலமாக்! டத்தோ நகர்த்துனத அவரு கண்ணு முன்னாடியே திருப்பி வெப்பியா? மண்டபமே அவரு புடிச்சுக் குடுத்ததும்மா.”

அவள் நடுவரைப் பார்த்தாள். அவர் கூரையில் சுற்றும் விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“ஜாஸிம், நீயாவது சொல்லேன்.”

“அவங்க சொல்றபடியே செய்வோம்கா,” என்றான் அவன், பலகையைப் பார்த்தபடி.

புது ஆட்டத்துக்குக் கடிகாரம் ஓடியது. அவள் தன் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினாள்.

“ஏம்மா பயப்படுற?” என்றார் டத்தோ. “நம்ம பிள்ளைங்க ரெண்டு கட்டமா பாயணும்!”

சின்னத்தம்பி கைதட்டினார்.

மூன்றாவது நகர்வில், டத்தோ நகர்த்திய அதே சிப்பாயின் மேல் ஜாஸிமின் கை நின்றது. முன்னே தள்ளினால் என்ன ஆகும் என்று இப்போது அவனுக்குத் தெரியும். தள்ளவில்லை, வெட்டினான். அவளும் வெட்டினாள். டத்தோவின் சிப்பாய் மேசை ஓரத்துக்குப் போனது. அதன் பின் காய்கள் ஒவ்வொன்றாக எதிரெதிரே மடிந்தன. டத்தோ லேசாகக் குறட்டை விட்டார். முடிவில் இரண்டு ராஜாக்கள் மட்டும் வெறும் பலகையில் நின்றன. சமன்.

“சாரி அக்கா,” என்றான் ஜாஸிம். அவள் கடிகாரத்தை நிறுத்தினாள்.

கைதட்டலில் விழித்த டத்தோ, தன் மாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார். படம் எடுத்தார்கள்.

“ரெண்டு பேருமே ஜெயிச்சிட்டீங்க! அடுத்த வருஷமும் நானே வந்து தொடக்கிவெக்கிறேன்.”

“எத்தன மணிக்கு, டத்தோ?” என்று கேட்டாள் ரூபினி.

சின்னத்தம்பி அதற்கும் கைதட்டினார்.